முந்நூற்றுப் பன்னிரண்டா, நாற்பத்தேழா?

தம்பி,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பேனா நகராது. போன செவ்வாய்க்கிழமை, முட்டி வலிக்கிறது, சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிட்டு வருகிறேன் என்று போனில் சொன்னேன் அல்லவா? நீயும் பாவம், "டாக்சி புடிச்சுப் போங்கம்மா, பஸ்ஸுல நிக்காதீங்க" என்று அக்கறையாகச் சொன்னாய். என் முட்டிக்கு ஒன்றும் இல்லை. இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆஸ்பத்திரிப் பக்கமே நான் போகவில்லை. சிரம்பானிலேயே தெமியாங்குக்குப் போய் உமாவைப் பார்த்துவிட்டு வந்தேன். வீடு திரும்பியதும் உங்கப்பா, "டாக்டர் என்னா சொன்னாரு?" என்று கேட்டார். வாயில் வந்ததைச் சொன்னேன்: "நல்லா நடக்கச் சொன்னாரு." அவர் நம்பிவிட்டார். அன்றிலிருந்து வெயில் தாழ்ந்தால் போதும், "இன்னும் நடக்கலையா?" என்று என்னை லயத்து வீட்டு வரிசையைச் சுற்றி விரட்டுகிறார். பொய்க்கு அந்தத் தண்டனை போதும், நீ வேறு ஆரம்பிக்காதே.

ஏன் போனேன் என்று கேட்பாய். தை மாதம் உனக்கும் உமாவுக்கும் நிச்சயம் பண்ணி, ஆவணியில் கல்யாணம் என்று மண்டபமும் பேசியாகிவிட்டது. இந்த நேரத்தில் கோலாலம்பூரிலிருந்து போன் போட்டு, "கல்யாணத்தக் கொஞ்சம் தள்ளிப் போடலாம்மா" என்கிறாய். ஏன்டா என்றால், "அவ பொய் சொல்றாம்மா. நம்பர்ல பொய் சொல்றா" என்கிறாய். எனக்குத் தெரிந்த நம்பர் எல்லாம் சனி ஞாயிறில் உங்கப்பா எடுத்துத் தோற்கிற நாலு நம்பர் லாட்டரிதான். அந்தப் பெண்ணுக்கு அந்தப் பழக்கமா என்று இரண்டு நாள் அவளைப் பற்றித் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தேன். உன்னைக் கேட்டால் "உங்களுக்குப் புரியாதும்மா" என்று வைத்துவிட்டாய். புரியாது என்று சொன்னால் எனக்குக் கால் நிற்காது. அதனால்தான் பஸ் ஏறினேன்.

உமா கதவைத் திறந்து, "வாங்க ஆண்ட்டி" என்றாள். போன மாதம் வரை அத்தை என்று கூப்பிட்ட பெண். "என்னம்மா, அத்தைன்னு கூப்புட்டா வாய் வலிக்குதா?" என்று கேட்டேன். "அத்தையா ஆண்ட்டியான்னு உங்க மகன்தான் சொல்லணும்" என்றாள். சிரிக்காமல் சொன்னாள். அவள் அம்மா தேத்தண்ணி கலக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமலே உள்ளே போய்விட்டார். கடையிலிருந்து நான் வாங்கிப் போன ஆரஞ்சுப் பழம் பையோடு மேசையில் அப்படியே கிடந்தது. அந்த வீட்டில் நீ என்ன செய்து வைத்திருக்கிறாய் என்று அந்தப் பழப் பையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் நேராகவே கேட்டேன். "எனக்கு மூணாம் வகுப்புதான். அந்த அளவுக்குச் சொல்லு, என்னதான் நடந்துச்சு?" பாவம், பொறுமையாகச் சொன்னாள். நீங்கள் இரண்டு பேரும் கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் போட்டிருக்கிறீர்கள், கப்சாய் மோட்டார் சைக்கிளை எப்படிக் கழற்றுவது, எப்படிப் பூட்டுவது என்று படம் போட்டு. உலகத்தில் வேறு வேறு ஆட்கள் தங்கள் பக்கத்தில், 'மோட்டார் கழற்ற வேண்டுமா, இங்கே போய்ப் பாருங்கள்' என்று உங்கள் பக்கத்துக்கு வழி எழுதி வைப்பார்களாம். எத்தனை பேர் அப்படி வழி சொல்கிறார்கள் என்பதுதான் அந்த நம்பர். மோட்டார் சாமான் கடைக்காரர் ஒருவர் உங்கள் பக்கத்தில் தன் கடைப் பெயரைப் போடலாமா என்று யோசித்து, உங்களைப் பற்றி எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று கேட்டிருக்கிறார். உமா ஒரு இடத்தில் பார்த்து முந்நூற்றுப் பன்னிரண்டு என்று கடிதத்தில் எழுதிக் கொடுத்தாள். நீ வேறொரு இடத்தில் பார்த்தாய், நாற்பத்தேழு என்று வந்தது. உடனே கடைக்காரர் முன்னாலேயே, "யாரு உன்ன ஏத்திச் சொல்லச் சொன்னது?" என்று கேட்டிருக்கிறாய். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு நேராகச் சிரம்பானுக்கு ரயில் ஏறிவிட்டாள்.

"இத யாரு எண்ணுறது?" என்று கேட்டேன். "தேடிக் குடுக்குற கம்பெனிங்க இருக்கு ஆண்ட்டி. அதுங்களோட புரோகிராம் ஒவ்வொரு பக்கமா நடந்து போயி, யாரு யாருக்கு வழி சொல்றாங்கன்னு பாத்து எழுதி வச்சிக்கும். நாம கேட்டா அந்த நோட்டப் பாத்துச் சொல்லும்." "எல்லாத்துக்கும் ஒரே ஆளா?" "இல்ல, ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனி." அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், தே மூக்கில் ஏறிவிட்டது. உமா முகம் சிவந்து, "இதுல சிரிக்க என்னா இருக்கு?" என்றாள். "உன்னப் பாத்து சிரிக்கலம்மா. எங்க தண்டல் மாமாவும் அங்கம்மா பெரியம்மாவும் கம்ப்யூட்டருக்குள்ள போயிட்டாங்கன்னு நெனச்சேன்" என்றேன். அவளுக்குச் சொன்னதை உனக்கும் சொல்கிறேன். இதுவரை உனக்குச் சொன்னதில்லை, ஏனென்றால் இதில் நான் கொஞ்சம் திருட்டுத்தனம் பண்ணியிருக்கிறேன்.

உங்கப்பாவுக்கு என்னைக் கேட்டபோது நான் ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டிக்கொண்டிருந்தேன். உங்கப்பா வீட்டார் லிங்கிப் பக்கம். அப்போதெல்லாம் பெண் பார்ப்பதற்கு முன்னால் விசாரிப்பு என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளை வீட்டிலிருந்து இரண்டு பேர் வருவார்கள், சேர்ந்து வரமாட்டார்கள், ஒருவருக்கொருவர் பேசி வைத்துக்கொள்ளக் கூடாது என்று தனித்தனியாக. வந்து லயத்தில் வீடு வீடாக, இந்தக் குடும்பம் எப்படி, இந்தப் பெண் எப்படி என்று கேட்டுவிட்டுப் போவார்கள். எனக்கு வந்தவர் ஒருவர் உங்கப்பாவின் மாமா, தோட்டத்தில் தண்டலாக இருந்து ஆட்களை மேய்த்தவர். இன்னொருவர் அங்கம்மா பெரியம்மா, உங்கப்பாவின் அம்மாவுக்கு அக்காள். ஒரே வாரத்தில் இரண்டு பேரும் வந்து போனார்கள். திரும்பிப் போய் மாமா சொன்னது, "முப்பத்தொரு பேர் நல்லதா சொன்னாங்க." பெரியம்மா சொன்னது, "ஒம்பது."

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. உங்கள் தாத்தா கறாரான மனிதர். "முப்பத்தொண்ணுக்கும் ஒம்பதுக்கும் நடுவுல யாரோ பொய் சொல்றாங்க" என்று சம்பந்தத்தை நிறுத்தி வைத்துவிட்டார். தண்டல் மாமா என் அப்பா வீட்டில் நாட்டுக்கோழிக் குழம்பு சாப்பிட்டுவிட்டு ஏற்றிச் சொல்கிறார் என்று லிங்கி முழுக்கப் பேச்சு. சாப்பிட்டது உண்மை. இரண்டு தரம் சோறு போட்டு வாங்கியதும் உண்மை. மூன்று மாதம் ஒரு தகவலும் இல்லை. விடியற்காலைப் பெரட்டில் பேர் கொடுக்க நிற்கும்போது பெண்கள் என்னைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்துவார்கள். என் அம்மா கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டார். நான் வழக்கம் போலக் கண்ட ஆளையெல்லாம் கேலி பண்ணிக்கொண்டுதான் திரிந்தேன். ஆனால் மரத்தில் கத்தி வைக்கும்போது பட்டைக்குள்ளே ஆழமாகப் போய்விடும், கங்காணி வந்து திட்டுவார்.

அப்புறம் ஒரு நாள் தோட்டத்துக் கடையில் வெங்காயம் வாங்கிக்கொண்டிருந்தேன். வெளியே ஒரு மோட்டார் வந்து நின்றது. லிங்கி ஆபீஸ் கிராணியின் மோட்டாரை இரவல் வாங்கிக்கொண்டு உங்கப்பா வந்திருக்கிறார். அவரை நான் ஒரே ஒரு தடவை, அதுவும் தூரத்திலிருந்துதான் பார்த்திருந்தேன். கடைக்காரர் உள்ளே போன நேரமாகப் பார்த்து, மெதுவாகக் கேட்டார். "ஒருத்தர் முப்பத்தொண்ணுங்கிறாரு, ஒருத்தர் ஒம்பதுங்கிறாங்க. எது நெசம்?" இந்த மனிதரிடம் பொய் சொல்லத் தோன்றவில்லை. "அதுல நாலு நான் சொல்லிக் குடுத்தது" என்றேன். விசாரிக்க ஆள் வருகிறது என்று தெரிந்ததும் என் கூட்டாளிப் பெண்கள் நாலு பேரிடம் ஒப்பந்தம் போட்டிருந்தேன். எனக்கு நீங்கள் நல்லதாகச் சொல்லுங்கள், உங்களுக்கு ஆள் வரும்போது நான் சொல்கிறேன் என்று. சொல்ல வேண்டியதையும் நானே சொல்லிக் கொடுத்தேன்: 'தங்கமான பொண்ணு, அதிர்ந்து பேசாது.' நாலு பேரும் ஒரு எழுத்து மாறாமல் அதையே சொல்லியிருக்கிறார்கள். நாலாவது பெண் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் மூன்று வீடு தள்ளிக் கோழியைத் துரத்திக் கத்திக்கொண்டிருந்தேன்.

உங்கப்பா யோசித்தார். "அப்ப மாமா கணக்குல இருபத்தேழு." வெங்காயப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். "பெரியம்மா கணக்குல எவ்வளவு கொறையும்னு வீட்டுல போய்க் கேக்குறேன்" என்று சொல்லிவிட்டு மோட்டாரை உதைத்தார். அது மூன்றாவது உதையில்தான் கிளம்பியது.

வீட்டுக்குப் போய் இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்து, யார் பொய் சொன்னது என்று கேட்கவில்லை அவர். எப்போது போனீர்கள், எந்த வழியாகப் போனீர்கள், எப்படி எண்ணினீர்கள் என்று கேட்டிருக்கிறார். மாமா போனது மத்தியானம் மூன்று மணிக்கு, பால் நிறுத்து முடிந்து சனம் எல்லாம் வீட்டில் இருக்கும் நேரம். பெரியம்மா போனது காலை பத்து மணிக்கு. பாதி வீட்டில் பூட்டு. அன்றைக்கு மழை வேறு, அலூர் ஓடையில் தண்ணீர் ஏறிப் பலகைப் பாலம் முழுகிவிட்டது, அதற்கு அந்தப் பக்கம் இருக்கிற இரண்டு லயத்துக்கு அவர் போகவே இல்லை. மாமா வாயை எண்ணினார்: ஒரு வீட்டில் புருஷன், பெண்டாட்டி, மாமியார் என்று மூன்று பேர் சொன்னால் மூன்று. பெரியம்மா வாசலை எண்ணினார், மூன்று பேர் சொன்னாலும் அது ஒரு வீடு. என் சித்தப்பா வீட்டையும் மாமா சேர்த்திருந்தார். பெரியம்மா, "சொந்தக்காரன் நல்லதா சொன்னா அது ஒரு சாட்சியாடா?" என்று கணக்கிலிருந்து அடித்துவிட்டார். இதெல்லாம் பரவாயில்லை. மாமாவின் முப்பத்தொன்றில் ஒரு குடும்பம் இரண்டு மாதத்துக்கு முன்னாலேயே லாபு பக்கம் குடிபோய்விட்டது. அவர் முன்பு தீபாவளிக்கு அந்தப் பக்கம் வந்தபோது கேட்டு நோட்டில் எழுதி வைத்திருந்ததை அப்படியே கூட்டிவிட்டார். "ஆளே இல்லியே மாமா" என்று உங்கப்பா கேட்டதற்கு, "இருந்திருந்தா நல்லதுதான்டா சொல்லுவாங்க" என்றாராம். என் கூட்டாளிகள் நாலு பேரையும் பெரியம்மா தண்ணிக் குழாயடியில் பிடித்திருக்கிறார். இரண்டாவது ஆள் வாயைத் திறந்ததுமே புரிந்துவிட்டதாம். நாலையும் சேர்த்து ஒன்று என்று போட்டிருந்தார். அதையும் கழித்து எட்டு. "எட்டு போதும்" என்று சொல்லிவிட்டு உங்கப்பா சாப்பிடக் கை கழுவப் போய்விட்டாராம்.

இதை நான் சொல்லி முடித்ததும் உமா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஆண்ட்டி, அப்படியேதான்!" என்றாள். ஒரு கம்பெனியின் ஆள் போன வாரம் நடந்திருப்பானாம், இன்னொருவன் ஆறு மாதத்துக்கு முன்னால் நடந்ததை இன்னும் நோட்டில் வைத்துக்கொண்டிருப்பானாம், அதில் குடிபெயர்ந்து போன பக்கங்களும் இருக்குமாம். உலகத்தில் உள்ள எல்லாப் பக்கத்துக்கும் யாருமே போனதில்லை, எல்லாருக்கும் எங்கேயோ ஒரு பாலம் முழுகித்தான் இருக்கிறது. ஒருவன் ஒவ்வொரு தாளையும் எண்ணுவான், ஒருவன் வீட்டுக்கு ஒன்று என்று எண்ணுவான். உங்கள் பக்கத்திலிருந்தே உங்கள் பக்கத்துக்கு வழி சொல்வது இருக்கிறதாம், சித்தப்பா மாதிரி, அதை ஒருவன் சேர்ப்பான், ஒருவன் அடிப்பான். ஒரே இடத்தில் காலையில் கேட்டால் ஒன்று, மத்தியானம் கேட்டால் ஒன்று வருவதும் உண்டாம். "அப்ப ரெண்டு பேருமே பொய் சொல்லல லா" என்றேன். "அதத்தான் ஆண்ட்டி நானும் சொல்ல வந்தேன். அவர் கேக்கவே இல்ல" என்றாள்.

உள்ளே போய்த் தாள் ஒன்று எடுத்து வந்தாள். கடைக்காரருக்குக் கொடுத்த கடிதத்தின் நகல். முன்னால் முந்நூற்றுப் பன்னிரண்டு என்று இருக்கிறது. திருப்பினால், எந்த இடத்தில் பார்த்தது, எந்தத் தேதியில் பார்த்தது, 'வேறு இடத்தில் குறைவாக வரலாம்' என்று எல்லாம் சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறாள். தம்பி, அந்தத் தாளைத் திருப்பிப் பார்த்தாயா? நீ பார்த்திருக்கமாட்டாய். சின்ன வயதிலிருந்து பரீட்சைத் தாளில் பின்பக்கக் கேள்வியை விட்டுவிட்டு வருகிற ஆள் நீ.

இன்னொன்றும் சொன்னாள், தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். உன் கூட்டாளிகள் ஆறு பேரின் பக்கத்தில் உங்கள் பக்கத்துக்கு வழி போடச் சொல்லி, பதிலுக்கு அவர்கள் பக்கத்துக்கு நீ வழி போட்டிருக்கிறாயாமே. அதுவும் ஆறு பேருக்கும் ஒரே வாசகத்தை நீயே எழுதிக் கொடுத்து. அதைக் கேட்டதும் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! ஆஸ்பத்திரியில் பிள்ளை மாறிப்போய்விட்டதோ என்று சில சமயம் நினைப்பேன், நீ அப்படி முறைத்துக்கொண்டே இருப்பாய். இல்லை, நீ என் பிள்ளைதான்.

இப்போது என் தப்பு ஒன்றைச் சொல்கிறேன், இது கோழி துரத்தியதைவிடப் பெரிது. கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அங்கம்மா பெரியம்மாவோடு நான் முகம் கொடுத்துப் பேசியதே இல்லை. ஒன்பது என்று சொன்ன கிழவி என்று மனதில் வைத்திருந்தேன். பந்தியில் அவருக்கு மட்டும் குழம்பை மேலாக ஊற்றுவேன், கறி விழாமல். இப்படியே பல வருஷம். அப்புறம் ஒரு கல்யாண வீட்டில் இரண்டு பேரும் எதிரெதிரே வெங்காயம் உரிக்க நேர்ந்தது. கண்ணெல்லாம் தண்ணீர், யார் எதற்கு அழுகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது, அந்தத் தைரியத்தில் கேட்டுவிட்டேன். "ஏன் பெரியம்மா என்னப் பத்தி ஒம்பதுன்னு போய்ச் சொன்னீங்க?" அவர் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஒன்ன வேணாம்னா சொன்னேன்? ஒருத்தருக்கொருத்தர் பேசி வச்சுக்காம எட்டு வீடு நல்லதா சொன்னுச்சுடி, ஒன் கூட்டாளிங்க நாலையும் சேத்து ஒண்ணு. எம் பொண்ணுக்கு இப்படி எண்ணுனப்ப நாலுதான் தேறுச்சு. ஒன்னைய எடுக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னதே நான்தான், ஒம் மாமனார் காது குடுத்துக் கேட்டாத்தானே!" அன்றைக்குப் பந்தியில் அவருக்கு அடியிலிருந்து அள்ளிப் போட்டேன். "இன்னிக்குத்தான்டி ஒன் கையால கறி பாக்குறேன்" என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

உனக்குக் கோபம் உமா மேலே இல்லை. நாற்பத்தேழைப் பார்த்ததும் உன் மூக்கு உடைந்துபோய்விட்டது, அந்த நேரத்தில் பக்கத்தில் நின்றது அவள். உன் கூட்டாளிகள் ஆறு பேரைக் கழித்தாலும் நாற்பத்தொரு பேர், உன் முகமே தெரியாதவர்கள், நீ கழற்றிப் பூட்டிய மோட்டாரைப் பார்க்கச் சொல்லி ஊருக்கு வழி காட்டுகிறார்கள் என்றால் அது சின்ன விஷயமா? உங்கப்பா எட்டுக்கே கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தவர். எண்ணிக்கை இரண்டு விதமாக வந்தால் எப்படி எண்ணினாய் என்று கேள். ஆளைச் சந்தேகப்படுவது அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம், அது எங்கேயும் ஓடிப்போகாது. கல்யாணத்துக்குப் பிறகு இதைவிடப் பெரிய கணக்கெல்லாம் இரண்டு விதமாக வரும். பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்கியது என்பதில்கூட நானும் உங்கப்பாவும் ஒத்துப்போனதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உமா வீட்டில்தான் இருப்பாள். உன்னிடம் சொல்லச் சொல்லி அவள் சொல்லவில்லை. அவள் அம்மா நாள்காட்டியில் அந்தத் தேதியைப் பார்த்து, "அன்னிக்கு நாங்க எங்கயும் போகல" என்று சுவரிடம் சொன்னார். போனால் மோட்டாரில் போகாதே, ரயிலில் போ, சட்டை கசங்காது. அவள் எழுதிய தாளைப் பற்றிக் கேட்டுவிட்டு அப்புறம் மன்னிப்புக் கேள், வரிசை மாற்றாதே. கடைக்காரரிடமும் நீயே போய்ச் சொல்லிவிடு, எந்த இடத்தில் தலை குனிய வைத்தாயோ அந்த இடத்திலேயே. போவதும் போகாததும் உன் இஷ்டம், நான் மண்டபத்துக்காரரிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

கிளம்பும்போது உமா பஸ் ஸ்டேஷன் வரை கூட வந்தாள். வழியில் ஒரு கம்ப்யூட்டர் கடை, அரை மணி நேரத்துக்கு இவ்வளவு என்று உட்காரவைக்கிற கடை. "வாங்க, மூணாவது ஒரு எடத்துல பாத்துருவோம். நீங்களே அமுக்குங்க, அத்தை" என்றாள். அத்தை என்றுதான் சொன்னாள், நான் கண்டுகொள்ளாத மாதிரி இருந்துகொண்டேன். நாற்காலியில் உட்கார்ந்து, குடையை மேசைக்கு அடியில் மாட்டிவிட்டு, அவள் காட்டிய இடத்தில் அமுக்கினேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மேலிருந்து மெதுவாக எழுத்து வர ஆரம்பித்தது. நம்பர் வரும் நேரம், சரியாகப் பார்க்கலாம் என்று நாற்காலியை முன்னால் இழுத்தேன். என் கால் குடையில் இடித்து, அதன் கைப்பிடி மாட்டியிருந்த வயர் பிடுங்கிக்கொண்டது. கடையில் இருந்த ஆறு கம்ப்யூட்டரும் அணைந்தன. கடைக்காரர் எழுந்து மெயின் சுவிட்சைப் பார்த்தார். மற்றவர்கள் மேலே விளக்கைப் பார்த்தார்கள், நானும் விளக்கைப் பார்த்தேன். அரை மணிக்குரிய காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம். மூன்றாவது இடத்தில் எவ்வளவு என்று தெரியவில்லை.